ரோஜா இலையில் கரும்புள்ளி

குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் பியூலாவுக்குக் கோபம் அவ்வளவு லேசில் வராது. மார்க்ஷீட்டில் பெயர் தப்பாக இருக்கிறதென்று குதித்துக்கொண்டு வருகிறவர்களைக்கூட உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவளைப் படாதபாடு படுத்தியவை அவளுடைய சிட்லபாக்கம் வீட்டு ரோஜாச் செடிகள்தாம்.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மண்ணில் நாலு செடி, தொட்டிகளில் சில. ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு அவள் வீட்டுப் பூதான் போகும். ஜூலையில் அடி இலைகளில் கறுப்பாகப் பொட்டு வைத்தாற்போலப் புள்ளிகள் வந்தன. புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாகி, கை பட்டாலே உதிர்ந்தது. செப்டம்பருக்குள் செடிகள் வெறும் குச்சியாகி, நுனியில் மட்டும் கொஞ்சம் இலை ஆடிக்கொண்டிருந்தது.

நர்சரிக்காரர் மண்ணில் சத்து இல்லை என்று உரம் கொடுத்தார். போட்டாள், தளிர் வந்தது, தளிரிலும் புள்ளி வந்தது. அலுவலகத் தோழி ஜான்சி வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னாள். வீடு நாறியதுதான் மிச்சம். கடைசியில் நாலைந்து இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் ஓர் உரக்கடைக்குப் போனாள். கடைக்காரர் இது பூச்சி இல்லை, பூஞ்சை, கரும்புள்ளி நோய் என்றார். விழுந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்தச் சொல்லி, தண்ணீரில் கரைத்து அடிக்க ஒரு பொடியும் கொடுத்தார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் மூக்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தாள், இலை பொறுக்கினாள். நோய் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது கண்ணில் பட்டது. கார் ஷெட்டின் உள்மூலையில் ஒரு தொட்டி இருந்தது. அங்கே ஹோஸ் எட்டாது. அவளே சொம்பால் அடியில் ஊற்றுவாள். மற்றவற்றோடு வாங்கிய அதே ரகம். ஆனால் ஒரு புள்ளிகூட இல்லை. பியூலா குனிந்து அதன் இலைகளைத் தொட்டுப் பார்த்தாள். துளி ஈரம் இல்லை.

அவள் கணவர் ஆபேல் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கி, மழைபோலச் செடிகள்மேல் பீய்ச்சுவதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

“என்னங்க, இலைமேல அடிக்காதீங்க. வேர்ல மட்டும் விடுங்க.”

“தூசி படிஞ்சு கெடக்கு பியூலா. கழுவி விட்டாத்தானே செடி நல்லா இருக்கும்?”

“ராத்திரி பூரா இலை ஈரமாவே நிக்குது. அதுலதான் நோய் பரவுது. நான் காலைல அடிக்கிற மருந்தையும் நீங்க சாயங்காலம் கழுவி விட்டுடுறீங்க.”

“அப்ப நான்தான் செடியக் கெடுத்தேன்னு சொல்ற.”

ஹோஸை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்த நாள் செடிப்பக்கமே வரவில்லை. வேலை முடிந்து, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கசங்கி வந்த பியூலாதான் வாளி தூக்கினாள். அப்புறம் சமாதானமாகி, வேருக்கு மட்டும் விடுவதாகச் சொன்னார். ஒருநாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தால், இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சமாகத்தான் அடித்தேன் என்றார். அவள் சண்டை போடவில்லை. வாசற்படியில் கைப்பையோடு உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஆபேல் பயந்துபோனார். ஹோஸைச் சுருட்டி மாடிக்கு எடுத்துப்போனார். மறுநாளிலிருந்து முட்டிவலியோடு வாளியும் மக்குமாக ஒவ்வொரு செடிக்கும் அடியில் ஊற்றினார். மெல்ல மெல்லச் சுத்தமான இலைகள் வந்தன. ஒரு மொட்டுகூட வைத்தது.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. விடிந்தால் மழை, அடைந்தால் மழை. இலை காய நேரமே இல்லை.

ஜன்னலோரம் நின்ற ஆபேல், “இப்ப மேலேர்ந்து ஊத்துறாரே, அவர்கிட்ட போய்ச் சொல்லேன்” என்றார்.

பியூலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காரைத் தெருவில் விடச் சொல்லி, நனைந்தபடியே தொட்டிகளை ஷெட்டுக்குள் இழுத்தாள். ஆபேலும் ஒரு பக்கம் பிடித்தார். மண்ணில் இருந்த செடிகளை என்ன செய்வது? மழை விடுவதற்குள் அவற்றில் பாதி நுனியிலிருந்து கருகிப்போய்விட்டன.

டிசம்பரில் அவள் அவற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த இடத்தில் செம்பருத்தி வைக்கலாமா என்று ஆபேல் மெதுவாகக் கேட்டார்.

“முதல்ல கீழ கெடக்கிற இலையப் பொறுக்குங்க” என்றாள்.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி குனிந்தார்.