சூடு ஆறாத சாம்பல்

என் மக்களே, ஊரெல்லாம் உணவுக்குத் திண்டாடிய காலம். அரசாங்கம் வீடு புகுந்து தானியம் எடுத்தது. விதைக்கு வைத்ததை மட்டும் விட்டுவிடுவார்கள். அதனால், தின்பதற்கு மிஞ்சிய கடைசிக் கம்பில், விதைக்குச் செய்வதுபோல அடுப்புச் சாம்பலைக் கலந்து பானையில் மூடினேன்.

சங்கரன்கோவிலிலிருந்து வந்த அதிகாரி ஒல்லியானவர். எதையும் முகர்ந்து பார்ப்பார். பானைக்குள் முழங்கைவரை கையை விட்டார்.

“விதையா?”

“ஆமா எசமான்.”

“சாம்பல் இன்னும் சுடுதுல்லா, வே!”

அப்போதுதான் கலந்தது தெரிந்துபோயிற்று என்று நினைத்தேன். உங்கள் அம்மா கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, பானையிலேயே போட்டார்.

“ஆறவச்சுக் கலக்கணும் வே. விதை அவிஞ்சு போவும்.” வாசலில் நின்ற ஆட்களிடம், “இங்கன விதைதான் இருக்கு, வாங்க போவோம்,” என்றார்.

அந்தக் கம்பு தீரும்வரை, வண்டிச் சத்தம் கேட்டாலே கஞ்சிச் சட்டியை ஒளித்தோம். அவர் திரும்பி வரவில்லை. ஏன் விட்டார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.