பரோட்டா மாஸ்டரின் மூக்கு

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் ஹாஸ்டல் பக்கத்துப் பரோட்டாக் கடை மாஸ்டரிடம் நாங்கள் பெயர் கேட்டதே இல்லை. ஒல்லியான ஆள், மூக்கு மட்டும் தாராளம். கை நிறைய மாவும் எண்ணெயுமாக இருக்கும்போது போன் அடித்தால், குனிந்து மூக்கு நுனியால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். வீச்சு நிற்காது.

கையால் தொடாமலே இயங்கும் கம்ப்யூட்டர்தான் எங்கள் கடைசி வருட பிராஜெக்ட். கேமரா முன்னால் கையை வீசினால் அழைப்பை எடுக்கும், மறுபடி வீசினால் வைத்துவிடும். ஆறு மாத உழைப்பு. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி கடைக்குப் போனோம்.

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக் கொடுங்கண்ணா" என்று கெஞ்சி, கேமரா மாட்டிய டேப்லெட்டை அவர் எதிரே வைத்தோம். நண்பன் தன் போனிலிருந்து அதற்கு அழைத்தான். மாஸ்டர் வழக்கம்போல மாவை வீசினார். ஒரு வீச்சுக்கு டேப்லெட் அழைப்பை எடுத்தது, அடுத்த வீச்சுக்கு வைத்தது. நண்பன் மறுபடி அழைத்தான். எடுத்தது, வைத்தது.

"இன்னாப்பா, ஒரே பேஜாரா கீது" என்றவர், அடுத்த அழைப்பை மூக்கால் தள்ளி எடுத்தார். பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டார்: "மூக்கு இல்லாதவங்களுக்காப்பா இத்த செஞ்சிகினு கீறீங்க?"

பாதிப் பரோட்டாவை இலையிலேயே விட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு ஓடினோம். கேமராவைக் கழற்றினோம். மூக்குக்குத் தோதாகப் பெரிய பெரிய பட்டன்கள் வைத்தோம்.

மறுநாள் பேராசிரியர் டேப்லெட்டைச் சாய்த்துப் பார்த்தார். "கண்ணாடி மேல என்னப்பா இது, எண்ணெய்ப் பொட்டு?"

"துடைச்சிடாதீங்க சார்" என்றேன். "பிராஜெக்ட்டே அதுதான்."