மார்த்தாவின் தழும்பு

போன கிழமை, இங்கே வில் என்ற சிறுநகரில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கட்டடத்தில் யாரோ படி கழுவிய சவர்க்கார மணம் வந்தது. உடனே மார்த்தாவின் கத்தல் காதில் கேட்டது. மணத்துக்கும் கத்தலுக்கும் என்ன தொடர்பென்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. என் டொச்சு மொழி, அதாவது ஜெர்மன், ஆமென்பதற்கு 'யா', நன்றிக்கு 'டங்கே' என்ற இரண்டு சொற்களில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தேவைப்பட்டால் சிரித்துவிடுவேன். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை.

அங்கே நான் பராமரித்த மார்த்தாவுக்கு எண்பது வயது. தொப்புளுக்குக் கீழே கயிறு போலத் தடித்த ஒரு கோணல் தழும்பு. குளிப்பாட்டும்போது சவர்க்காரத் துணி அதில் பட்டால் என் கையில் அடிப்பார்.

ஒருநாள் குளிப்பாட்டி முடிக்க, புது டொக்டர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். நல்ல மனிதர். என் வயிற்றைக் காட்டி எத்தனை மாதமென்று கேட்டபடி பையைத் திறந்தார். மார்த்தா பாய்ந்தார். தண்ணீர்ப் பேசினைத் தூக்கி டொக்டரின் முகத்தில் அடித்து, கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தார். சவர்க்காரத் தண்ணீரில் இரத்தம் சொட்டியது.

"ஓடு பிள்ளை! உன்னையும் வெட்டப்போறாங்கள், ஓடு!"

மார்த்தா கத்தியதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இல்லத்து ஆட்கள் நாலு பேர் அவரை அமுக்கிக் கட்டிலோடு வாரால் கட்டினார்கள். கட்டக் கட்டக் கத்தல் கூடியது.

தன் கதையை அவர் கிழமைக் கணக்காகத் துண்டு துண்டாகச் சொன்னார். எனக்கு விளங்காத இடங்களைக் கையால் காட்டினார். இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலம். இருபது வயதில் ஒரு பண்ணையில் வேலைக்காரி. கலியாணமில்லாமல் பிள்ளை வயிற்றில். ஒழுக்கங்கெட்டவள், புத்தி குறைந்தவள், இவள் பெறுவதெல்லாம் ஊருக்குப் பாரம், இனிப் பெறாதபடி ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று ஊர்ச்சபை முடிவெடுத்தது. மாட்டுத் தொழுவத்திலிருந்து பொலிஸ்காரன் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போனான்.

"ஒத்துக்கொள். இல்லாட்டி சாகுமட்டும் பைத்திய ஆஸ்பத்திரியிலை கிட."

ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டைக்காரர் இப்படி மிரட்ட, ஒத்துக்கொண்டார். கட்டிவைத்து வயிற்றை அறுத்தார்கள். கண் விழித்துப் பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, "இனி உனக்கு ஒண்டும் வராது" என்றாளாம் நர்ஸ்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"சண்டையே காணாத இந்த நாட்டிலையோ?"

"ஓம், இந்த நாட்டிலைதான்."

சண்டைக்குத் தப்பி ஓடிவந்தவள் நான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தனியே போகவேயில்லை.

மகள் பிறந்ததும் இல்லத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மார்த்தா தொடவில்லை, வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளையை உன்னட்டை விட்டாங்களோ?"

"ஓம், விட்டவை."

திடீரென்று தன் வயிற்றில் கைமுட்டியால் குத்தத் தொடங்கினார். மகளைக் கட்டிலில் போட்டுவிட்டு அந்தக் கைகளை இறுக்கிப் பிடித்தேன். எண்பது வயதில் அவ்வளவு பலம்.

அடுத்த பனிக்காலத்தில் செத்துப்போனார். சொந்தமென்று ஒருவரும் வரவில்லை. வருவதற்கு யாரை விட்டுவைத்தார்கள்? பிற்காலத்தில் இல்லத்தையும் இடித்துவிட்டார்கள். இங்கே கல்லறைக்கும் இருபது, இருபத்தைந்து வருடத் தவணை உண்டு. முடிந்ததும் கல்லை எடுத்துவிடுவார்கள். போன வருடம் மகளோடு தேடிப் போனேன். எந்த இடமென்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் புல்.