மூன்று அருள்நிறை மந்திரம்

ஒரு மனிதன் கடவுளிடம் சொல்லச் சொன்ன பாவத்தை நான் மாற்றிச் சொன்னேன். வாய் தவறி அல்ல. தெரிந்துதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்ட்ரியாலில் ஒரு பல்கலைக்கழக உணவகத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என் பிரெஞ்சு அங்கே காதால் பொறுக்கியது. வளாகத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தின் குருவானவர், மாணவர் பூசை முடிந்தபின் ஞாயிறு பின்னேரங்களில் நிலவறைக் கதவின் திறப்பை எங்களிடம் தந்துவிடுவார். அகதியாய் வந்த நாற்பது பேர் அங்கே தமிழில் செபித்தோம். வாடகை அறைகளை விட்டால் எங்களுக்கென்று இருந்த ஒரே இடம் அது.

சூசை அங்கே வருபவன். நூலகத்தில் தரை துடைப்பவன். தவக்காலத்தில் ஒருநாள் என்னிடம் வந்தான்.

“அண்ணை, எனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். பாதருக்கு நீங்கள்தான் பிரெஞ்சில சொல்லவேணும்.”

“என்ர பிரெஞ்சு அதுக்குக் காணுமோடா?”

“பாவத்துக்கும் சட்டிக்கும் ஒரே சொல்லை வைச்சிராதேங்கோ. அது காணும்.”

சிரித்துக்கொண்டே சிற்றாலயத்துக்குள் போனோம்.

குருவானவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். இங்கே கேட்பது தனக்கு எப்படி இரகசியமோ எனக்கும் அப்படியே என்றார். தலையாட்டினேன். ஆகவே, சூசை சொன்னதை உங்களுக்கும் சொல்லமாட்டேன். அந்த ஒன்றையாவது காப்பாற்றுகிறேனே... சின்னப் பாவம் இல்லை. இரண்டு வருடம் ஒருவனை நித்திரை கொள்ளவிடாத பாவம். மனிதர் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைப்பது என் பழக்கம், விருப்பமும்கூட. அவன் சொன்னதில் ஒரு சொல்கூட இன்னும் மறக்கவில்லை.

இதைக் கேட்டால் குருவானவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? திறப்பைத் திருப்பிக் கேட்பாரோ? நாற்பது பேரும் எங்கே போவது?

வாய் திறந்தேன். அயலவனோடு சண்டை பிடித்தானாம், கோபத்தில் பொய் சொன்னானாம் என்றேன்.

குருவானவர் கனிவாய்த் தலையசைத்தார். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். கை உயர்த்தி மன்னிப்பு அளித்தார். அதைச் சூசைக்குத் தமிழில் சொன்னேன்.

சூசை என்னைத் திரும்பிப் பார்த்தான். “மூண்டு மட்டுமோ?”

“ஓம்.”

“முழுக்கச் சொன்னனீங்களோ அண்ணை?”

“ஓமடா. முழுக்க.”

குருவின் முன்னால் வைத்தே இரண்டாவது பொய்!

அதன் பிறகும் ஞாயிறுதோறும் பூசைக்கு வந்தான். மன்னிப்புக் கிடைக்காதவன்போல, நற்கருணை வாங்க மட்டும் எழும்பமாட்டான். கடைசி வாங்கில் உட்கார்ந்தபடி என்னையே பார்ப்பான்... அல்லது எனக்குத்தான் அப்படிப் பட்டதா? எழுந்துபோய் உண்மையைச் சொல்ல எத்தனை அடி தூரம்? போகவில்லையே நான். நிலவறைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அதுவும் பொய்யானது. எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

கோடையில் மெட்ரோ வாசலில் அவனைக் கண்டேன். கையில் ஒரு கொப்பி.

“எங்கயடா போறாய்?”

“பிரெஞ்சு வகுப்புக்கு அண்ணை.”

“புது வேலைக்கோ?”

“இல்லை.”

படியிறங்கிப் போய்விட்டான்.

மாரிக்குளிருக்கு முன் டொரொன்ரோ போனான் என்றார்கள். வகுப்பை முடித்தானா, தானே குருவானவரிடம் போய்ச் சொன்னானா, எனக்குத் தெரியாது. ஆங்கிலம் பேசும் அந்த ஊரில் அந்தப் பிரெஞ்சை வைத்து என்ன செய்திருப்பான்?

எனக்கு இப்போது பிரெஞ்சு தடையில்லாமல் வரும். இடையில் ஆள் தேவையில்லை. ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நிற்கிறேன். என் முறை வரும்போது, பின்னால் நிற்பவரை முன்னே போகச் சொல்லிவிடுகிறேன்.