மைதானத்தைப் பெருக்கிய காலை

சண்டைக்காலத்தில் பட்டாளத்து விமானங்கள் இறங்குவதற்காக எங்கள் வேர்க்கடலைக் காட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார்களாம். சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போய், ஆந்திராவும் தனியாகப் பிரிந்துவிட்டது. புத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர் எந்த மாநிலத்தில் சேரவேண்டும் என்று பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, அவர் மட்டும் அதில் தலையிட மாட்டார்.

"எந்த சர்க்காரா இருந்தா இன்னா? எங் காட்டக் குடுத்தா போதும்" என்பார். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு எட்டு வயதில், மைதானம் இனியும் விமானத்துக்கு உதவுமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. உதவாது என்று அவர் எழுதினால் நிலம் எங்களுக்கு. இது பிற்பாடு தெரிந்தது. அப்போது என் காதில் விழுந்தது, நிலம் கொடுக்க ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்பது மட்டும்தான்.

முந்தின நாள் நைனாவும் சித்தப்பாவும் ஜீப் வந்து நிற்கும் முனையில், சிமெண்டுத் தரையே தெரியாதபடி எருவையும் முள்ளையும் பரப்பிவிட்டு வந்தார்கள். நைனாவுக்குக் கொஞ்சமும் விவரம் போதாது என்று எனக்குக் கோபம். வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலைப் பெருக்கிக் கோலம் போட வேண்டாமா? விடிந்ததும் அத்தை மகளை இழுத்துக்கொண்டு போனேன். கையெல்லாம் முள் குத்த அத்தனையையும் வாரிக் கொட்டி, தரையைக் கழுவி, தாமரைக் கோலம் போட்டோம்.

ஜீப்புக்குப் பின்னால் ஓடிவந்த நைனா கோலத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அதிகாரி பூட்ஸ் காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லை. இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெலுங்கில் கேட்டார்.

"ரோஜூ மேமே ஊடுஸ்தாம் சார்!" என்று முந்திக்கொண்டேன். தினமும் நாங்கள்தான் பெருக்குகிறோம் என்று ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்துத் தெலுங்கைக் காட்டிக்கொள்ள வேறு சந்தர்ப்பம் ஏது?

"மஞ்சி பில்ல" என்று என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போனார்.

நிலம் வரவில்லை. இன்று அங்கே எல்லோருக்குமான சின்ன விமான நிலையம் இருக்கிறது. நைனா கடைசிவரை கூலிக்குத்தான் ஏர் ஓட்டினார்.

அதிகாரி என்னை நல்ல பெண் என்று சொன்னதை நைனாவின் எதிரிலேயே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் ஒரு தடவைகூட என் வாயை அடக்கவில்லை. நிஜமா என்று யாராவது கேட்டால், "ஆமா, எம் பொண்ணத்தான் சொன்னாரு" என்பார். அவர் குரல் கம்முவது பெருமையில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.