பாதியில் நின்ற பின்னக் கணக்கு

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் மூன்றாவதுக்குப் பாடம் எடுத்தால் ஐந்தாவது சும்மா உட்கார்ந்திருக்கும். ஐந்தாவதில் நான் ஒருத்திதான் பெண். பின்னக் கணக்கு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டோம். கும்மிடிப்பூண்டிப் பெரிய பள்ளியில் ஆறாவது சேர்க்கும்போது அதைத்தான் கேட்பார்கள். தேறினால் ரயிலில் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் நடவுக்குப் போ என்று நைனா சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரேடியோ கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு மத்தியானம் அதில் பாடம் வரும். இனிமேல் தான் ஒருத்தனே கத்த வேண்டாம் என்று வாத்தியாருக்குச் சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்குத்தான் பூட்டு கிடையாதே, சாயந்திரமானால் ரேடியோவைப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் வீட்டில் வைப்போம். அங்கே பாட்டு ஓடி ஓடி பேட்டரிக் கட்டை தீர்ந்துபோகும். புதுசு கேட்டு எழுதினால் வராது. காலையில் பெட்டியை எடுத்து வந்து, கட்டைகளைக் கழற்றி வெயிலில் காய வைப்பது என் வேலை. காய்ந்த கட்டை கொஞ்ச நேரம் தாங்கும்.

பின்னக் கணக்குப் பாடத்துக்கு முந்தின நாள் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "இன்னிக்கு மட்டும் பாட்டு வெக்க வேணாம்னு பிரசிடெண்ட் ஊட்டம்மாகிட்ட சொல்லும்மா. நான் போய் சொன்னா நல்லா இருக்காது."

போனேன். அந்த அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு, "இன்னாடி நெளிஞ்சிகினு நிக்கிற? உன்னிய பொண்ணு பாக்கவா வந்துகிறாங்க?" என்றார். உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தெரு திரும்புவதற்குள் பாட்டு கேட்டது. மறுநாள் வாத்தியார் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றேன்.

அன்றைக்குக் கட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் காய வைத்தேன். ரேடியோவில் ஒரு அம்மா, தோசையை நாலாகப் பிய்த்தால் ஒரு துண்டு கால் பங்கு என்றார். அது புரிந்தது. "கால் பங்கோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட, முதலில் கீழே இருக்கிற எண்ணை..." என்று சொல்லும்போதே குரல் தேய்ந்து, கொசு மாதிரி ஆகி, நின்றுவிட்டது. வாத்தியார் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"மிச்சம் எனக்கே சரியா வராதும்மா," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பெரிய பள்ளியில் அந்தக் கணக்கேதான் கொடுத்தார்கள். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி எழுதினேன். நைனா திட்டவில்லை. அடுத்த நடவுக்கு அம்மாவோடு போனேன். அந்த ரேடியோ பொட்டிதான் சரியில்லை என்று வயலில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.