சபாபதியின் கார் ஏன் நகரவில்லை

“கடவுள் எனக்குக் காலைக் கொடுத்தது பெடலை மிதிக்க. நடக்கிறதுக்கு இல்ல லா.”

தெப்ராவில் எங்கள் தாமான் குடியிருப்பு மக்கள் கூட்டத்தில் சபாபதி இப்படிப் பிரகடனம் செய்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஆதாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருமுனை ரொட்டி சானாய் கடைக்கும் காரில்தான் போவார். போய் இறங்கவும் மாட்டார். எஞ்சின் ஓட ஓடக் கண்ணாடியை இறக்கி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார். அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே அந்தக் கடையில் எந்த ரொட்டி கருகுகிறது என்று தெரியும்.

கூட்டம் கூடியது நகராண்மைக் கழகத்தின் திட்டத்தைக் கேட்க. தெரு நெடுகக் கூரை போட்ட நடைபாதை, பக்கத்தில் சைக்கிள் தடம், முனையில் பேருந்து நிறுத்தம். பலியாகப்போவது வீடுகளுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடம். இந்த வெயிலில் பூனைதான் நடக்கும் என்றார் சபாபதி. பூனைகளை நம்பித் திட்டம் நிறைவேறியது.

சபாபதி வீட்டு முன்னால் ஒரு பெரிய அங்சானா மரம். அதை வெட்ட மனமில்லாமல் பாதையைக் கொஞ்சம் வளைத்தார்கள். அந்த வளைவில் ஒரே ஒரு கார் நிற்க இடம் மிஞ்சியது. முந்துகிறவருக்குச் சொந்தம். சபாபதி முந்தினார். அவருக்கும் வேறு வழியில்லை. வீட்டுக்குள் கார் விடும் இடத்தை மனைவி கோமளா எப்போதோ அடுப்படியாக்கிவிட்டார்.

அதன்பிறகு கார் நகரவில்லை. அதன் தலைமேல் மஞ்சள் பூ உதிர்ந்து மெத்தை கட்டியது. ஆனாலும் வீட்டுக்கு மீன் வந்தது, கீரை வந்தது. எப்படி வந்தது? தெருவே ஆராய்ச்சியில் இறங்கியது. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. கண்ணில் புரை என்றது இன்னொன்று. பக்கத்து வீட்டு அர்ச்சுனன் மட்டும் அறிவியல் முறைப்படி, காலையும் மாலையும் காரின் மூக்கில் கை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை.

ஒருநாள் காலை பேருந்தில் ஏறிய அர்ச்சுனனுக்கு விடை கிடைத்தது. ஓட்டுநருக்கு நேர் பின்னால் சபாபதி உட்கார்ந்திருந்தார், மடியில் மீன் பையோடு. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

“என்னண்ணே, கார் கெட்டுப் போச்சா?”

“மெதுவா பேசு.” சபாபதி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். “கார எடுத்தா எடம் போயிடும். போன தடவ, பாத வேல நடக்கையில, லோஷினி வந்து சுத்து சுத்துன்னு சுத்துனா, எங்கயும் எடமில்ல. மாம்பழப் பைய கண்ணாடி வழியா நீட்டிட்டு, பிள்ளைய எறக்காமலே காஹாங்குக்குத் திரும்பிட்டா. அடுத்த வாட்டியும் இப்படின்னா வரவே மாட்டாளாம்.”

லோஷினி அவருடைய ஒரே மகள், காஹாங்கில் ஆசிரியை. தூரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கலாமே என்று அர்ச்சுனன் கேட்டாராம். சபாபதி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாராம். அவள் யார் மகள்?

சனிக்கிழமை லோஷினி வந்தாள். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் சபாபதி பூக்களோடு காரை வெளியே எடுத்தார். பின்னாலேயே அவள் கார் அந்த இடத்துக்குள் நுழைந்தது. அரியணை கைமாறுவதுபோல் அத்தனை ஒழுங்கு. ஆனால் பதவி இழந்த காருக்குப் போக்கிடம் இல்லை. அது திடல், கடைவரிசை எல்லாம் தாண்டிப் பாதையின் மறுகோடியில்தான் ஒதுங்கியது. திரும்பி வரும்போது சபாபதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழியிலுள்ள தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது நடை இல்லை, ஆய்வு என்று எல்லா சன்னல்களுக்கும் புரியவேண்டும் அல்லவா.

சாப்பாடு முடிந்ததும் காரைப் பூட்டினோமா என்று சபாபதிக்குச் சந்தேகம் வந்தது. அவரைக் கார்வரைக்கும் கொண்டுபோய் விடுவதாக லோஷினி சொன்னாள். நீ எடுத்தால் இடம் போய்விடும் என்று தடுத்தார். அந்நேரம் பேத்தி சிணுங்கினாள். அவளைக் குழந்தைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தானே தள்ளிக்கொண்டு புறப்பட்டார். பாதையில் மேடு பள்ளம் இல்லை. சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது.

காரை அடைந்தபோது பிள்ளை தூங்கிவிட்டிருந்தது. சபாபதி கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. தள்ளுவண்டியைத் திருப்பி, திடலைச் சுற்றிப் போகிற நீளமான பாதையில் மெதுவாகத் தள்ளத் தொடங்கினார்.